சாட்சிக் கூண்டில் நாத்தனார்

காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் றக்வானையிலிருந்து இரத்தினபுரி கோர்ட்டுக்கு நேரத்தோடு போய்ச் சேரலாம். அடுப்பில் ரொட்டி கருகிக்கொண்டிருந்தது. ஜீவராணியோ சுவரில் மாலையோடு தொங்கிய புருஷன் யோகராஜின் படத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"வீட்டு உறுதிப் பத்திரத்த புள்ள பேருக்கு எழுதி வையுங்கன்னு எத்தன தடவ சொன்னேன்... சாவ கூப்புடுறியான்னு என் வாய அடச்சீங்க. இப்ப நீங்க நிம்மதியா போய்ட்டீங்க, நாய் படாத பாடு நான் படுறேன்."

"அம்மா, அப்பாவ விடுங்க. இன்னக்கி அத்த வந்து, நீங்க அப்பாவுக்குப் பொண்டாட்டியே இல்லன்னு சொல்லிட்டா என்ன செய்றது?" என்றாள் மகள் விஜயகலா.

ஜீவராணி கருகிய ரொட்டியை அடுப்பிலிருந்து இறக்கினாள். குவைத்தில் எட்டு வருஷம் அடுத்தவர் வீட்டுக் கக்கூஸ் கழுவி, தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பை விட்டு வெளியே வந்து கட்டிய வீடு அது. ஆம்பிளை பேரிலேயே இருக்கட்டும் என்று விட்டுக்கொடுத்தவளும் அவள்தான். அந்த மனிதர் எதையும் எழுதி வைக்காமல் போய்ச் சேர்ந்தார். வீட்டைத் தங்கள் பேருக்கு மாற்ற ஒன்றரை வருஷமாகக் கோர்ட்டில் தவணைக்கு மேல் தவணை. கல்யாணம் தோட்டத்துக் கோயிலில் நடந்தது, பதியவில்லை. அந்தக் காலத்தில் லயத்தில் யார் பதிந்தார்கள்? மகளின் பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் விவாகமானவர்களா என்ற இடத்தில் 'இல்லை' என்றிருந்ததை, வழக்குப் போட்ட பிறகுதான் கண்டார்கள். கல்யாணத்தை நிரூபிக்காவிட்டால் வீடு யோகராஜின் ஒரே அக்கா வெள்ளையம்மாவுக்குப் போய்விடும்.

அந்த வெள்ளையம்மாவோ முகம் கொடுத்துப் பேசி ஒன்றரை வருஷமாகிறது. கருமாதி அன்றைக்கே ஜீவராணி ஒரு சிங்களக் காகிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டுவிட்டாள். ஏமாற்றி எழுதி வாங்கப் பார்க்கிறாள் என்று, மண்ணை வாரித் தூற்றாத குறையாக வெள்ளையம்மா எழுந்து போய்விட்டாள். கூடப்பிறந்தவளே மறுத்தால் மற்றவர் சாட்சி எடுபடாது என்று, ஜீவராணியின் சட்டத்தரணி ஷிராஸ் இன்றைக்கு அவளையே சாட்சிக்கு அழைத்திருந்தார்.

கோர்ட்டில் பெயர் கூப்பிட்டதும் வெள்ளையம்மா கூண்டில் ஏறினாள். ஜீவராணியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"இந்த அம்மா உங்களுக்கு என்ன முறை?" என்று ஷிராஸ் கேட்டார்.

வெள்ளையம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"என் தம்பி பொண்டாட்டிங்க. மொத முடிச்சு அவன் போட்டான். மத்த ரெண்டு முடிச்சும் நாத்தனா நான் போட்டேன்."

மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் திருப்பிச் சொன்னார். ஒன்றரை வருஷமாகக் கேட்க ஏங்கிய சொல்லை ஜீவராணி இரண்டு பாஷையிலும் கேட்டு அழுதாள்.

வெளியே பெஞ்சில் மகள் பக்கத்திலிருக்க, ஜீவராணி நாத்தனாரின் கையைப் பிடித்தாள்.

"அண்ணி... வீடு ஒங்களுக்கே வந்திருக்குமே. ஏன் அண்ணி?"

"ஒன்னோட பேச மாட்டேன்னுதான் சொன்னேன். பொய் சொல்லுவேன்னு எப்ப சொன்னேன்? தம்பிய பொதச்ச மண்ணு காயறதுக்குள்ள காயிதத்த நீட்டுனியே... அந்த வயித்தெரிச்சல் இன்னும் அடங்கல."

"அதுல என்ன இருந்துச்சுன்னு எனக்கும் தெரியாது அண்ணி. சிங்களம் பேசுவேன், வாசிக்கத் தெரியாதே. காயிதத்த குடுக்க நாள் முடியுதுன்னு கோர்ட்டு கிளாக்கர் அவசரப்படுத்துனாரு. யாரயாவது வச்சு ஒங்களுக்கு வாசிச்சுக் காட்டியிருக்கணும்... என் தப்புதான்."

வெள்ளையம்மா அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அத அன்னக்கே சொல்லியிருந்தா நான் இத்தன நாளு ஒத்தையில கெடந்திருக்க மாட்டேனே, பாவி" என்று அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். போகிறவர் வருகிறவர் பார்க்க இருவரும் அழுதார்கள்.

அடுத்த தவணை மூன்று மாதம் கழித்துத்தான், அன்றைக்குத் தீர்ப்பு வரலாம் என்று ஷிராஸ் வந்து சொன்னார். இன்னும் மூன்று மாதமா என்று ஜீவராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வரட்டும் சேர். வீடு எங்க பேருக்கு வந்த அன்னக்கே உறுதிய எம்மகளுக்கு எழுதிடுங்க. நானும் அண்ணியும் சாகுற வரைக்கும் அங்க இருக்கலாம்னும் அதுலயே போடுங்க. எங்களுக்குப் பொறகு இந்தப் புள்ள இந்த பெஞ்சுல வந்து உக்காரக் கூடாது. கையெழுத்துக்கு முந்தி எல்லாருக்கும் தமிழ்ல வாசிச்சுக் காட்டுங்க."

வெள்ளையம்மா மூக்கைச் சிந்தினாள்.

"மூணு மாசந்தானே? அதுவரைக்கும் நான் சாக மாட்டேன், பயப்படாத. எந்திரி, பஸ்ஸுக்கு நேரமாச்சு. லயத்துல எறங்கி என் உடுப்ப எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போவோம்."