படுத்துக் கிடந்த குட்டி

ஒரகடம் தாண்டி, மூடிக்கிடந்த ஒரு தொழிற்சாலையின் காவலுக்குச் சந்தனமாரி காலை ஆறு மணிக்கு வந்து சேர்ந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. மாற்று ஆள் வராததால் முந்தின இரவும் வேறொரு கேட்டில் நின்ற உடம்பு. கண்ணுக்குள் தூக்கம் மணலாய் உறுத்தியது.

இரவுக் காவலர் அண்ணாதுரை, மணிமங்கலத்துக்காரர், கிளம்பும்போது வேலியோரப் புல்லைக் காட்டினார்.

“அங்க ஒரு மான்குட்டி படுத்துகினு கீதும்மா. கிட்ட போவாத.”

“அடிகிடி பட்டிருக்கோ அண்ணாச்சி?”

“ரத்தம் இல்ல, ஈ மொய்க்கல. ஆத்தாக்காரி படுக்க வச்சிட்டு மேயப் போயிருக்கும். பொழுது சாய வந்து கூட்டினு போவும். நாம சும்மா இருந்தா போதும்.”

பத்து மணிக்குப் பார்த்தாள். அசையவில்லை. பன்னிரண்டு மணிக்கும் கழுத்தைத் தரையோடு நீட்டி அப்படியே கிடந்தது. மகளை அக்கா வீட்டில் விட்டு வந்தவளுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. அள்ளி எடுத்துக் காவல் அறைக்குக் கொண்டுவந்து, பஞ்சில் பாலை நனைத்து வாயில் வைத்தாள். அவள் கைக்குள் அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது.

மூன்று மணிக்கு நின்றுவிட்டது.

உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

மாலையில் வந்த அண்ணாதுரை திட்டவில்லை. “நம்ம கை பட்டா பயத்துலயே செத்துடும்மா,” என்று மட்டும் சொன்னார்.

“ஆத்தாக்காரி விட்டுட்டுப் போயிட்டாளோன்னு நெனச்சுட்டேன் அண்ணாச்சி.”

வேலிக்குச் சற்றுத் தள்ளிக் குழி தோண்டிப் புதைத்து முடித்தபோது வெளிச்சம் மங்கியிருந்தது.

பெண்மான் வந்தது.

காலியான புல்லை முகர்ந்தது. தலையைத் தூக்கி மெல்லக் கூப்பிட்டது.

பதில் வந்தது.

மெலிந்த குரல். குழியிலிருந்து அல்ல. சந்தனமாரியின் முழங்காலுக்குப் பின்னாலிருந்து.

“நவுராத,” என்று அண்ணாதுரை முணுமுணுத்தார்.

பச்சைப்பால் வாடை அடித்தது. பெண்மான் அவளையே பார்த்தபடி இன்னொரு தரம் கூப்பிட்டது. அவள் காலை உரசிக்கொண்டிருந்தது எதுவோ, அது விலகவில்லை. நெடுநேரம் நின்றுவிட்டு மான் தனியாகத் திரும்பி நடந்தது.

அன்றிரவு வீடு திரும்பும் ஸ்ரீபெரும்புதூர் பேருந்தில், பக்கத்தில் இருந்த பெண் சட்டென்று காலை இழுத்துக்கொண்டாள்.

“அக்கா, உங்க காலாண்ட இன்னாமோ கீது.”

சந்தனமாரி குனிந்து பார்க்கவில்லை. எழுந்து வேறு இடம் போகவும் தெம்பில்லை. அவள் கணுக்காலின்மேல் சூடாக ஏதோ தலை சாய்த்தது.