ஆணியில் தொங்கிய பதினேழாம் பில்லை

அஞ்சலாட்சி வந்தபோது காலை பத்து மணி. மாலை நாலு மணிக்குத் தன் தம்பியின் வேலை போய்விடும் என்றாள். ராஜாங்கம் உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. மழையில் நனைந்த சேலை முந்தானையைப் பிழிந்தபடி நின்றாள்.

ராஜாங்கம் பிரெஞ்சுக்காரர் காலத்துப் போலீஸ்காரர். அவர்கள் கொடி இறங்கி ஏழு வருஷம் ஆகியும் ஊர் அவரைப் பிரெஞ்சு மரியாதையில் முசியே என்றுதான் கூப்பிட்டது. பக்கத்தில் நோட்டும் பென்சிலுமாகத் தயாராக இருந்தவர் இராமதாஸ். தட்டச்சுப் பள்ளியை மனைவி தலையில் கட்டிவிட்டு ராஜாங்கத்தின் பின்னாலேயே சுற்றுவது இவருடைய முழு நேர வேலை.

"தம்பி என்ன வேலை பாக்குறாரு?" என்று கேட்டார் ராஜாங்கம்.

"பம்பாயில பெரிய கணக்கு மிஷின் ஒண்ணு இருக்குதாங்க முசியே. அது என்ன செய்யணும்னு இங்கேருந்து எழுதி அனுப்புறாங்க. மூணு மாசம் எழுதினது பாழாப் போச்சாம். எந் தம்பி கலியமூர்த்திதான் வேணும்னே கெடுத்தான்னு சொல்றாங்க. அவன் வாயத் தொறக்க மாட்டேங்கிறான்."

"அந்த ஆபீஸ் ஆளுங்கள உனக்குத் தெரியுமா?"

"மில்லுலேருந்து நின்னதும் அங்கதாங்க பெருக்கித் தொடைக்கிறேன். நல்ல மனுசங்க. ஆயுத பூசைக்குக்கூட எல்லாத்தையும் என்னையே கழுவி வைக்கச் சொன்னாங்க." சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. "அவன் படிக்கப் பட்ட பாட்டுக்கு இந்தப் பேரு வரலாமாங்க?"

ராஜாங்கம் குடையை எடுத்தார்.

கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது அலுவலகம். அதன் தலைவர் ஜானகிராமன் கெட்டவர் அல்ல, தூக்கமில்லாதவர். சுவரில் மாட்டியிருந்த ஒரு பலகையின் முன்னால் அவர்களைக் கொண்டுபோய் நிறுத்தினார். அதில் எண் போட்ட முப்பத்திரண்டு ஆணிகள். ஆணிக்கு ஒன்றாக, அதே எண் பொறித்த பித்தளைப் பில்லைகள்.

"மிஷினோட நினைவுல முப்பத்திரண்டு அறைதான் சார். முதல் எட்டும் மிஷினையே மேய்க்கிற கட்டளைகளுக்கு. அதை யாரும் எடுக்கக் கூடாதுன்னு திருகாணி போட்டு முடுக்கிட்டோம். மிச்சத்துல எந்த அறை வேணுமோ அந்தப் பில்லையை எடுத்து மேஜையில இருக்கற தட்டுல வெச்சுக்கணும். வேலை முடிஞ்சா திரும்ப மாட்டணும். ஆணியில தொங்கினா அது யாரோடதும் இல்ல. யார் வேணா எடுக்கலாம். இதுதான் இங்க சட்டம்."

"கலியமூர்த்தி எடுத்தது?"

"பதினேழுலேருந்து இருபது வரைக்கும். அந்த நாலு அறையிலயும் அவர் அட்டவணை இருந்துது. பம்பாயில ஓட்டினா, இங்க கூட எழுதற ஒரே ஆள் கோவிந்தசாமி, அதே அறைகள்ல அவரோட எண்கள் போய் உக்காந்துடுச்சு. இவர் கட்டளை அதை அட்டவணைன்னு நம்பிப் படிச்சு, வந்ததெல்லாம் குப்பை. அடுத்த முறை மிஷின் நமக்குக் கிடைக்க ஒரு வருஷம் ஆகும்."

கோவிந்தசாமி ஓரமாக நின்றிருந்தார். பழைய வேலையை முடித்துத் தன் பில்லைகளைப் பூசைக்கு முன்பே மாட்டிவிட்டதாகச் சொன்னார். புது வேலையை விஜயதசமி அன்று நல்ல நேரம் பார்த்துத் தொடங்கினாராம். "என் புள்ளைங்க மேல சத்தியமா, அன்னிக்கு அந்த நாலும் ஆணியிலதான் தொங்குச்சு."

"அப்போ கலியமூர்த்திதான் மாட்டியிருக்கணும்," என்றார் ஜானகிராமன். "கோவிந்தசாமியைச் சீனியர் ஆக்கினதுல அவருக்கு வருத்தம். பூசைக்கு ரெண்டு நாள் முன்னால காய்ச்சல்னு லீவு போட்டார். மாட்டிட்டுப் போயிருக்கார். அடுத்தவங்க தட்டுல இங்க யாரும் கை வைக்க மாட்டோம்."

தன் மேஜையில் உட்கார்ந்திருந்த கலியமூர்த்தி டைபாய்டில் இளைத்துப் போயிருந்தான். மூன்று வாரம் படுக்கை. கட்டளைத் தாள்கள் பம்பாய்க்குப் போன பிறகுதான் எழுந்து வந்திருக்கிறான். ராஜாங்கம் நாலு கேள்வி கேட்டார். நாலுக்கும் அவன் காலியான தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ராஜாங்கம் பலகைக்குத் திரும்பினார். பதினேழாம் பில்லையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். துளையின் உள்விளிம்பில் ஏதோ சிவப்பாக ஒட்டியிருந்தது.

"அண்ணே, ரத்தம்," என்றார் இராமதாஸ், ஆசையோடு.

"மோந்து பாரும்."

இராமதாஸ் முகர்ந்தார். அதன் பிறகு அவர் நோட்டில் எதுவும் எழுதவில்லை.

திருகாணி போட்ட எட்டுப் பில்லைகளையும் ராஜாங்கம் விரலால் தடவினார். முகம் பளபளத்தது, பின்னோரத்தில் பச்சைக் களிம்பு அப்படியே இருந்தது. மற்ற இருபத்து நாலிலும் இரண்டு பக்கமும் களிம்பே இல்லை. அவருக்கு விடை தெரிந்துவிட்டது. தெரியாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

மூன்றரை மணிக்கு எல்லோரும் ஜானகிராமன் அறையில் கூடினார்கள். அஞ்சலாட்சி கதவோரம் வாளியோடு நின்றாள்.

"கோவிந்தசாமி சொல்றது நெசம்," என்று தொடங்கினார் ராஜாங்கம். "விஜயதசமி அன்னிக்குப் பில்லை ஆணியில இருந்துச்சு. ஆனா அத மாட்டினது கலியமூர்த்தி இல்ல. இந்த இருபத்து நாலும் ரெண்டு பக்கமும் தேச்சுக் கழுவினது. அந்த எட்டும் கழட்ட முடியாததால முகம் மட்டும் தேச்சது. துளையில குங்குமம் இருக்குது. கலியமூர்த்திக்கும் இது தெரியும். காய்ச்சல் விட்டு வந்த அன்னிக்கே பாத்திருப்பாரு. பாத்ததாலதான் பேசல."

கலியமூர்த்தி சட்டென்று எழுந்தான். "நான்தான் சார் மாட்டினேன். லீவுல போறதுக்கு முன்னாடி. கோவிந்தசாமி மேல பொறாமை. எழுதிக்குங்க."

"அவன் பொய் சொல்றான் முசியே," என்றாள் அஞ்சலாட்சி. முகம் முழுக்கச் சந்தோஷம். தம்பியைக் காப்பாற்ற ஒரு சாட்சி கிடைத்த சந்தோஷம். "பூசையன்னிக்கு அவன் தட்டுல நாலு பில்லையும் இருந்துச்சு. என் கண்ணால பாத்தேன். நான்தானே எடுத்துப் புளி போட்டுத் தேச்சேன். பொட்டு வெச்சு, படைச்சு, தொடச்சு, ஒண்ணு விடாம ஆணியில மாட்டினேன். மில்லுல பூசைன்னா நூல் சுத்துற தார்க்கட்டை ஒண்ணுகூட மிஷின்ல நிக்கக் கூடாது. எல்லாம் அதது எடத்துக்குப் போயிடணும். நம்பரு பாத்துத்தான் மாட்டினேன். அவன் மாட்டல."

அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கடைசியில் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். வாளியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

கலியமூர்த்தியை நீக்கி, நாலு மணித் தபாலுக்கு எழுதி வைத்திருந்த கடிதத்தை ஜானகிராமன் கிழித்தார். புதுத் தாள் ஒன்றை எடுத்தார். "பம்பாய்க்கு யாராவது ஒருத்தர் பேர் எழுதியாகணும் சார். ஒரு வருஷம் போச்சு. பேர் இல்லாம ஒத்துக்க மாட்டாங்க."

"எம் பேரையே எழுதுங்க சார்," என்றான் கலியமூர்த்தி.

"என் பேர எழுதுங்க," என்றாள் அஞ்சலாட்சி. "அவன் படிச்ச புள்ள."

ஜானகிராமன் ராஜாங்கத்தைப் பார்த்தார். எத்தனையோ திருடர்களைப் பிடித்தவர் ராஜாங்கம். தப்பே செய்யாத ஒருத்தியைப் பிடித்துக் கொடுத்தது இதுதான் முதல் தடவை. வெட்கமாக இருந்தது. பேனா அஞ்சலாட்சியின் பெயரை எழுதிற்று.

வெளியே வரும்போது அவள் கேட்டாள். "நல்லா வரணும்னுதானே முசியே படைச்சேன். படைக்கக் கூடாதா?"

ராஜாங்கம் குடையை விரித்து அவளிடம் கொடுத்தார். அவள் வாங்கவில்லை. ஏதோ நினைவு வந்தவளாக உள்ளே திரும்பிப் போனாள்.

பதினேழிலிருந்து இருபது வரையிலான நாலு பில்லைகளையும் பலகையிலிருந்து எடுத்து, முந்தானையால் துடைத்து, தம்பியின் தட்டில் வைத்தாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த அலுவலகச் சாவியை எடுத்து, காலியான பதினேழாம் ஆணியில் மாட்டிவிட்டு வந்தாள்.