காதுக்குள் ஒரு டீச்சர்

"வாட் இஸ் யுவர் நேம், ப்ளீஸ்?"

மழைக்கு ஒதுங்கிய பஸ் ஸ்டாப்பில், பக்கத்தில் நின்றவன் இரண்டாவது முறையாகக் கேட்டான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஆர் யூ மேரீட்?"

அவ்வளவுதான்... அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஹலோ! ஒரு பொண்ணு தனியா நின்னா என்ன வேணா கேப்பீங்களா?"

அவன் பதறிப்போய்க் காதிலிருந்த இயர்போனைப் பிடுங்கினான். சட்டைப் பையில் தீப்பெட்டி அளவில் ஓர் ஆடியோ ப்ளேயர்.

"ஐயையோ, உங்களைக் கேக்கலைங்க! இதுக்குள்ள ஒரு அம்மா இங்கிலீஷ் சொல்லித் தர்றாங்க... அதைத்தான் திருப்பிச் சொன்னேன்."

தொங்கிய இயர்போனிலிருந்து கசிந்த குரல் கேட்டு அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுடைய குரல்! வேலைக்குப் போகிறவர்கள் படிப்பதற்காக, அவள் பாடம் நடத்தும் இங்கிலீஷ் பயிற்சி மையத்தின் ஸ்டோர் ரூமில், தெருச் சத்தம் வராமல் ஜன்னலில் போர்வையை மாட்டிவிட்டு அவள் பதிவு செய்த பாடம்.

"அம்மாவா? எனக்கு இருபத்தாறு வயசுதான்!"

இமையில் ஒரு மழைத்துளி தொங்க, அவன் கண்கள் மெல்ல விரிந்தன...

"டீச்சரா...! அப்போ அந்தக் கேள்வியைப் பாடத்துல வெச்சதே நீங்கதானே? திட்டு மட்டும் எனக்கா?"

கோபப்பட நினைத்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவன் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் மெக்கானிக். அதே மையத்தில் காலை வகுப்பு மாணவன் என்பதால், மாலை வகுப்பு எடுக்கும் அவளைப் பார்த்ததே இல்லை.

"லிஃப்டுக்கு மேல உக்காந்து கிரீஸ் போடும்போதும் நீங்கதான் துணை, டீச்சர். நீங்க 'வெரி குட்'னு சொல்ற ஒவ்வொரு தடவையும் நான் 'தேங்க்ஸ்'னு சொல்லிடுவேன். கூட இருக்கிறவன் எனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னு நினைக்கிறான்."

பஸ் வந்தது. அவள் கன்னம் ஏன் இப்படிச் சூடாகிறது?

அடுத்த வாரமே அவன் மாலை வகுப்புக்கு மாறிவிட்டான். 'வேலை நேரம் ஒத்துவரலை' என்றானாம். மையத்தின் ஆபீஸ் அக்கா அதைச் சொல்லிவிட்டு அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே...

எல்லாம் நன்றாகத்தான் போனது, அவரவர் வேலையைப் பற்றி இங்கிலீஷில் பேசச் சொன்ன அந்த மாலை வரை. அவன் எழுந்தான். வியர்த்தது.

"ஐ... ஐ அம் லிஃப்ட். டெய்லி ஐ ஈட் கிரீஸ்."

வகுப்பே குலுங்கியது. அடக்கப் பார்த்தும் முடியாமல் அவளும் சிரித்துவிட்டாள். அவன் முகம் சுண்டிப்போயிற்று. ஆடியோ ப்ளேயரை மேசைமேல் வைத்துவிட்டு வெளியேறினான்.

அதன்பின் வரவே இல்லை.

'வராட்டிப் போகட்டும்... நான் டீச்சர். நான் போய்க் கெஞ்சணுமா?' என்று வீம்பு பிடித்தாள். ஆனால் ஸ்டோர் ரூமில் புதுப் பாடம் பதிவு செய்ய உட்கார்ந்தால் 'வெரி குட்' என்ற வார்த்தை மட்டும் உயிரே இல்லாமல் வந்தது.

"ஏன்டி, யாரோ செத்துப்போன மாதிரி 'வெரி குட்' சொல்றே?" என்றாள் அக்கா. "படிக்கிறவங்க பயந்து ஓடிடுவாங்க. போ... போய்ப் பார்த்துட்டு வா!"

போனாள். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், கதவு திறந்து நின்ற லிஃப்டுக்குள் அவன் ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தான். அவள் உள்ளே வந்து நின்றாள்.

"நான் சிரிச்சது தப்பு... மன்னிச்சிடுங்க."

"விடுங்க டீச்சர். எல்லாரும்தான் சிரிச்சாங்க."

"அப்புறம் ஏன் வரலை?"

அவன் ஸ்க்ரூடிரைவரையே பார்த்துக்கொண்டிருந்தான். "யார் சிரிச்சாலும் துடைச்சுப் போட்டுட்டுப் போயிடுவேன். உங்க முன்னாடி மட்டும்... கொஞ்சம் நல்லாத் தெரியணும்னு..."

"ஏன் என் முன்னாடி மட்டும்?"

"அது... ஐ... யூ..."

"ஐயோ, தமிழ்லயே சொல்லுங்களேன்!"

அவன் நிமிர்ந்தான். இந்த முறை கண்கள் தயங்கவில்லை. "எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. முகம் தெரியறதுக்கு முன்னாடியே பிடிச்சிருச்சு... தெரிஞ்ச பிறகு தூக்கமே போச்சு."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பாடம் பாடமாகப் பேசிப் பழகிய வாய்க்கு ஒரு வாக்கியம் கூடிவர இவ்வளவு நேரமா?

"எனக்கும்தான்..." என்றாள். "நீங்க இல்லாத வகுப்புல யாருக்குப் பாடம் நடத்துறேன்னே தெரியலை. போதுமா?"

"போதாது," என்றான் அவன். "இன்னொரு தடவை சொல்லுங்க டீச்சர்."

சொன்னாள்.