கொசுவம் பிடித்த கை

தியாகராய நகரில், பனகல் பார்க்குக்குப் பின்னால் இருந்த ஒரு பழைய பங்களாவின் மாடிதான் அந்த ஜவுளிக்கடைக்குக் குடோன். 1973 ஆடி மாதம், திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்த வைரவனை முதல் நாளே சேலை அடுக்க அங்கே அனுப்பினார்கள். எங்கும் பாச்சை உருண்டை நெடி. ஜன்னல் திறந்து எத்தனை வருஷமோ! பட்டப்பகலிலும் விளக்குப் போட்டால்தான் கை தெரியும்.

"சோலி முடிஞ்சதும் கீழ இறங்கிருலே. அங்க வச்சு எதையும் உடுத்திப் பாக்காத," என்றார் மூத்த விற்பனையாளர் முருகையன்.

என்ன கூத்து பாருங்கள்! கடையில் அவனுக்கு வேலையே அதுதான். பெண்கள் கேட்டால் சேலையைத் தன் தோளில் போட்டு, கொசுவம் வைத்துக் காட்ட வேண்டும். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். வைரவனுக்கு அது சிரிப்பில்லை. விவரம் தெரிந்த நாள் முதல் மனசுக்குள் அவன் பெண்தான். அதை ஒருவரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை, பாவம்.

ஆசை வெட்கம் அறியாது. மூன்றாம் நாள் மதியம் குடோனில் ஓர் அரக்கு நிறப் பட்டுச்சேலையை எடுத்துக் கட்டினான். கொசுவம் நழுவியது.

பின்னாலிருந்து ஒரு கை அதைப் பிடித்தது.

சில்லிட்ட விரல்கள். நிதானமாக, மடிப்பு மடிப்பாக எடுத்து, அவன் இடுப்பில் செருகின.

திரும்பினான். யாருமில்லை.

சேலையை உருவி எறிந்துவிட்டு விழுந்தடித்து ஓடிவந்தவனைப் பார்த்ததுமே முருகையனுக்கு விளங்கிவிட்டது.

"ராஜரத்தினம்," என்றார் மெதுவாக. "இங்கதான் வேல பாத்தான். உன்ன மாதிரிதான். சேலையோட பாத்துட்டு, 'நீ எனக்குப் பிள்ளையே இல்ல'ன்னுட்டுப் போயிட்டாரு அவன் அப்பா. அன்னைக்கே மேல குடோன்ல அந்தச் சேலையிலயே தூக்குல தொங்கிட்டான்."

ஒரு வாரம் போனது. வைரவனின் அப்பா அய்யாதுரை கடைக்கே வந்து இறங்கினார். ஆவணியில் மகனுக்குக் கல்யாணமாம், பெண் பேசி முடித்தாயிற்றாம்! கூறைச்சேலை எடுக்க வந்திருக்கிறார்.

"உம்மேல போட்டுக் காட்டுலே. மருமவளுக்கு எப்படி இருக்கும்னு பாப்போம்."

போட்டான். அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"எனக்குக் கல்யாணம் வேண்டாம்ப்பா. நான் பொம்பளப்பிள்ளைப்பா. இப்படியே என்னை வாழவிடுங்க."

அப்பாவின் முகம் கறுத்தது. "தூ! இனிமே நீ எனக்குப் பிள்ளையே..."

முந்தானை இறுகியது.

யாரும் தொடவில்லை. அதுவாகவே அவன் கழுத்தை ஒரு சுற்று சுற்றியது.

இன்னொரு சுற்று.

கண் பிதுங்கியது. முருகையனும் அய்யாதுரையுமாக இழுத்தும் துணி இம்மியும் அசையவில்லை.

"சொன்னத வாபஸ் வாங்கும்வே!" அலறினார் முருகையன்.

"எம்பிள்ளைதான்! எப்படி இருந்தாலும் எம்பிள்ளைதான்!" அய்யாதுரை தரையில் விழுந்து கதறினார். "கல்யாணமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். வீட்டுக்கு வாம்மா!"

முந்தானை நெகிழ்ந்து விழுந்தது. மூச்சுத் திணறலிலும் வைரவனுக்கு அந்த 'வாம்மா' காதில் விழுந்தது. தேம்பித் தேம்பி அழுதான்.

சேலையைக் கடையிலேயே போட்டுவிட்டு, வேட்டி சட்டையோடு அப்பாவுடன் எழும்பூருக்கு பஸ் ஏறினான். அப்பா அவன் கையை விடவேயில்லை.

"ரெண்டு எழும்பூர்," என்றார்.

"இன்னா பெரீவரே, மூணு பேரா வந்துகினு ரெண்டு கேக்கறே?" என்றார் கண்டக்டர். "புள்ளையாண்டான் பக்கத்துல பட்டுச்சேல கட்டிக்கினு குந்திகீதே, அந்தப் பொண்ணுக்கு யாரு எடுப்பா?"

வைரவனுக்கு மறுபக்கம் காலி இடம்தான் இருந்தது.

அய்யாதுரை மூன்றாவது டிக்கெட்டுக்கும் சில்லறையை நீட்டினார்.

வைரவனின் தோளில் சில்லென்று ஒரு தலை சாய்ந்தது.