முறிவேட்டு நகல்

"என் முறிவேட்டு நகல் வேணும். ஒரு பக்கம் விடாம, முழுசா."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் இருந்த தேவகிருபை முறுக்கைக் கடிப்பதை நிறுத்தினார். குடும்ப நீதிமன்றத்தின் நகல் பிரிவில் முப்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறவர். கேட்கக் கூடாததைக் கேட்ட பெண்ணை மேலும் கீழும் பார்த்தார்.

"கல்யாணம் என்னைக்கு?"

"வியாழக்கிழமை."

"இன்னைக்குத் திங்கள். மூணு நாள் பொறுக்க முடியலையாட்டி உனக்கு?"

"தாலி ஏறுன பெறகு முத்திரை வச்சிருவீங்க, ஒரு எழுத்து மாத்த முடியாது. அப்புறம் படிச்சு என்ன செய்ய? கையெழுத்துப் போடுத பேப்பரப் படிச்சுப் பாத்துட்டுத்தான் மேடம் போடுவேன். எங்க வீட்டுல எல்லாரும் படிக்காமலே ரேகை வச்சது போதும்."

இசக்கியம்மாள் இப்படித்தான் பேசுவாள். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். எந்தக் காகிதத்தையும் அடிவரி வரை படிக்காமல் விடமாட்டாள். ஆனால் இந்த ஒரு காகிதத்தைக் கேட்கவே கூடாது என்று அம்மா பேச்சித்தாய் சத்தியம் வாங்கியிருந்தாள்.

காரணம் இருக்கிறது. விவாகரத்து வழக்குகள் ஒன்பது வருடம் பத்து வருடம் என்று இழுத்துக்கொண்டு கிடந்த காலத்தில், அரசாங்கம் கணிப்பான் என்ற இயந்திரத்தைக் கொண்டுவந்தது. கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பு பெண்ணும் மாப்பிள்ளையும் தனித்தனி அறையில் அதன் முன்னால் உட்கார்ந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும். எது நடந்தால் பிரிவாய், எதைப் பொறுப்பாய், எதைப் பொறுக்கமாட்டாய் என்று அது கேட்டுக்கொண்டே இருக்கும். சொன்னதையெல்லாம் கூட்டிக் கழித்து, காரணம், பிள்ளை யாரிடம், வீடு யாருக்கு என்று முழு விவாகரத்துத் தீர்ப்பையும் முன்கூட்டியே எழுதி வைத்துவிடும். அதுதான் முறிவேடு. என்றைக்காவது பிரிய நினைத்தால் முத்திரையை உடைத்தால் போதும், ஒரே நாளில் வேலை முடிந்தது. ஆக, ஊரில் கல்யாணமான ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு விவாகரத்துப் பதிவு தயாராக இருந்தது.

முத்திரையை உடைக்காமலே சம்பந்தப்பட்ட இருவரில் யாரும் நகல் கேட்கலாம். கேட்டால் மற்றவருக்கு உடனே அறிவிப்புப் போகும். அங்கேதான் சிக்கல். தாலி கட்டுவதற்கு முன்பே அந்தக் காகிதத்தைக் கேட்கிறவளை எந்த வீட்டில் நம்புவார்கள்?

"வழக்கு எண் சொல்லு."

"சீட்டு எங்கம்மாகிட்ட இருக்கு. ஒளிச்சு வச்சிருக்காவ."

"வெவரமான அம்மாதான். சரி, எண் இல்லன்னா பேரவச்சுத்தான் தேடணும். உன் பேரு, அப்பா பேரு, வாக்குமூலம் குடுத்த மாசம். நாலாம் நம்பர் படிவத்துல எழுது. எதுக்கு நகல்னு ஒரு கட்டம் இருக்கும், அதக் காலியா விட்டுராத, மிஷினு திருப்பி அனுப்பிரும்."

அந்தக் கட்டத்தில்தான் பேனா நின்றது. எதற்கு?

ஒன்றரை மாதம் முன்பு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை அம்பலவாணன் அவளோடு வேலை பார்ப்பவன், இரண்டு வருடமாக அவள் மதியச் சாப்பாட்டில் பாதியைத் தின்கிறவன். அவன் வீட்டில் தாத்தா காலத்திலிருந்தே எல்லாரும் பட்டதாரிகள். மண்டப வாசலில் அவனுடைய பெரியப்பா, வீட்டாரை வண்டியில் ஏற்றிவந்த இசக்கியின் அப்பா சுடலைமுத்துவை வாடகை வண்டிக்காரர் என்று நினைத்து, "யப்பா, வண்டிய அந்த ஓரமாக் கொண்டு போடு" என்று சொல்லிவிட்டார். அப்பாவும் ஒரு வார்த்தை பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். இடம் தேடி நிறுத்திவிட்டுத் திரும்புவதற்குள் தட்டு மாற்றி முடிந்திருந்தது. அவர் இடத்தில் நின்று மாமா மாற்றினார்.

வாணன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றான். வாய் திறக்கவில்லை. அதைவிட, ஆபீசில் மேலதிகாரியிடமே எகிறுகிற இசக்கி வாய் திறக்கவில்லை. பட்டுப்புடவை கட்டிப் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தாள். அதுதான் அவளை ஒன்றரை மாதமாகத் தின்றுகொண்டிருந்தது. அவன் மனதில் அப்பாவுக்கு என்ன இடம்? முகத்தைப் பார்த்துக் கேட்கத் துணிச்சல் வரவில்லை. அவன் கணிப்பானிடம் சொல்லியிருப்பான்.

'தெரிந்துகொள்ள' என்று எழுதினாள்.

தேவகிருபை பேரைத் தட்டினார். திரையில் இரண்டு வரிகள் வந்தன.

"ரெண்டு இருக்கே. ஒண்ணு உன்னுது. இன்னொண்ணு…" கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இசக்கியைப் புதிதாகப் பார்த்தார். "ஏட்டி, நீ சுடலமுத்து அண்ணன் மவளா?"

"எங்கப்பாவ ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாம என்ன! வருசம் தவறாம ஆடி மாசம் வந்துருவாவளே. அவியளுக்குப் படிக்கத் தெரியாதுல்லா, நான்தான் படிச்சுக் காட்டுவேன். இந்தா பாரு, இருபத்தாறு நகல்."

இசக்கி கண்ணாடித் தடுப்பில் முகத்தை ஒட்டினாள். "எங்கப்பா விவாகரத்துப் பேப்பர வருசா வருசம் வாங்குதாரா? பிரியுததுக்கா?"

"போட்டி கூறுகெட்டவளே." வயது வந்த பிள்ளைகள் பெற்றவர்களின் முறிவேட்டைப் பார்க்கலாம் என்பது சட்டம். தேவகிருபை திரையை அவள் பக்கம் திருப்பிவிட்டார். "உன் நகல் அச்சாகுத வரைக்கும் படி. நாப்பத்தோரு பக்கம்! அந்தக் காலத்துல இது என்ன மிஷினுன்னு யாருக்குத் தெரியும்? உங்கப்பாவும் அம்மாவும் கலெக்டர்கிட்ட மனு குடுக்குத எடம்னு நெனச்சுட்டாவ. உள்ளதப் பூராவும் கொட்டிட்டாவ."

பத்தொன்பது வயது பேச்சித்தாயின் பேச்சு, பேசியபடியே எழுத்தாகியிருந்தது. சாப்பிடும்போது தட்டைத் தள்ளக் கூடாது. என் ஆத்தாளை ஒரு சொல் சொன்னால் அன்றைக்கே கிளம்பிவிடுவேன். எனக்குத் தலைவலி என்றால் நம்ப வேண்டும். பன்னிரண்டாம் பக்கத்தில் இசக்கியின் கண் நின்றது.

'பொட்டப்பிள்ள பொறந்து, அதப் பள்ளிக்கூடத்த விட்டு நிப்பாட்டுனா, பிள்ளையத் தூக்கிக்கிட்டுப் போயிருவேன். என்னைய அஞ்சாப்போட நிப்பாட்டுனாவ. அது போதும்.'

அவள் ஒன்பதாவது படிக்கும்போது அத்தைமார் எல்லாம் கூடி, பிள்ளையை நிறுத்தச் சொன்னார்கள். அப்பா ஒரே வார்த்தைதான் சொன்னார்: நடக்காது. ஏன் என்று கேட்ட யாருக்கும் பதில் சொல்லவில்லை. தன்மேல் உள்ள பாசம் என்று இசக்கி இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

"பயந்துதானா? அம்மா போயிருவாவன்னு பயந்துதான் என்னையப் படிக்க வச்சாரா?" கோபமா அழுகையா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

"பயந்துதான். ஒவ்வொரு வருசமும் படிச்சு முடிச்சதும், 'இந்த வருசம் எதுலயும் தப்பலயே தாயி?'ன்னு கேப்பாவ. நான் என்னத்தக் கண்டேன்! ஒண்ணும் தப்பலண்ணேன்னு சொல்லி அனுப்புவேன்."

"அம்மாவுக்கு அறிவிப்புப் போயிருக்கும்லா?"

"போவாம? மொத வருசம் உங்கம்மா பொட்டியத் தூக்கிட்டு இங்கேயே வந்துட்டா. புருசன் அத்துவிடப் போறான்னு நெனப்பு. மூக்கு செவந்து, அந்தா அந்தத் தூணுகிட்ட நிக்கா. உள்ள நான் படிக்கேன், உங்கப்பா வெரல மடக்கி மடக்கி மனப்பாடம் பண்ணுதாவ. அரை மணி நேரம் பாத்துக்கிட்டு நின்னா. பெறகு பொட்டியத் தூக்கிட்டுப் பேசாமப் போயிட்டா. தனக்குத் தெரியும்னு இன்னைக்கு வரைக்கும் அவியகிட்டச் சொல்லலபோல."

அச்சு இயந்திரம் ஒரே ஒரு தாளைத் துப்பிவிட்டு ஓய்ந்தது.

"மீதி எங்க மேடம்?"

"அம்புட்டுதான். இப்ப வாரதெல்லாம் ஒத்தத் தாளுதான்."

ஊரெல்லாம் முறிவேட்டுப் பயிற்சி மையங்கள் முளைத்துவிட்ட காலம் இது. கணிப்பான் எதைக் கேட்டாலும் 'குறை ஒன்றும் இல்லை' என்று முகம் மாறாமல் சொல்லப் பத்து நாள் வகுப்பு எடுப்பார்கள். இசக்கி வகுப்புக்குப் போகவில்லை. அம்மாவே வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்துவிட்டாள். ஒரு மணி நேரம் அதையேதான் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

முத்திரை வைக்க இடம் விட்டுத் தாளில் இருந்தது இவ்வளவுதான்:

'முதல் தரப்பு: குறை கூறவில்லை. இரண்டாம் தரப்பு: குறை கூறவில்லை. பிரிவுக்கான காரணம்: சொல்லாமை. கணித்த காலம்: நான்கு ஆண்டு, ஐந்து மாதம்.'

அதற்குக் கீழே, வாசிக்க யாரும் மெனக்கெடாத பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. அடிவரி வரை படிப்பவள் அதையும் படித்தாள்.

'கேள்வி 17, பெண்ணின் தந்தை பற்றி: இரண்டாம் தரப்பு பதிலளிக்கும் முன் பதினொரு நிமிடம் மௌனம். முதல் தரப்பு ஒன்பது நிமிடம்.'

அவளுடைய ஒன்பது நிமிடம் அவளுக்கு நினைவிருந்தது. தொண்டை வரைக்கும் வந்ததை அன்றைக்கு விழுங்கியிருந்தாள். அடுத்த அறையில் அவனும், அவளைவிட இரண்டு நிமிடம் கூடுதலாக, எதையோ விழுங்கியிருக்கிறான்.

வெட்கமா? குற்றவுணர்வா? கணிப்பானுக்குத் தெரியாது. தாளைத் திருப்பிப் பார்த்தாள். மறுபக்கம் வெள்ளையாக இருந்தது.

"மேடம், வாக்குமூலத்த மாத்திக் குடுக்க முடியுமா?"

"மறுவாக்குமூலம். ஒம்பதாம் நம்பர் படிவம். ரெண்டு பேரும் வரணும். ஆனா குடுத்த தேதியிலருந்து முப்பது நாள் கழிச்சுத்தான் கல்யாணம் பதிய முடியும். வியாழக்கிழமை நடக்காதுட்டி! பத்திரிகை குடுத்தாச்சு, பந்தல் போட்டாச்சு. ரெண்டு வீட்டு ஆளும் சேந்து உன்னையக் கிழிச்சுருவாவ."

"கிழிக்கட்டும்."

"அந்தப் பையன் வரமாட்டேன்னுட்டா?"

இசக்கி பேனாவை எடுத்தாள். படிவத்தை இழுத்து, ஒவ்வொரு வரியாகப் படித்து, கையெழுத்துப் போட்டாள். அவன் கையெழுத்துக்கான பக்கத்துக் கட்டத்தைக் காலியாக விட்டாள். தேவகிருபை நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி, முத்திரையைக் குத்தி, படிவத்தைத் தடுப்புக்கு அடியில் தள்ளினார்.

கைப்பேசி அதிர்ந்தது. வாணன். அறிவிப்புப் போய்ச் சேர்ந்துவிட்டது.

"இசக்கி… நகல் கேட்டியா?" அவன் குரல் கம்மியிருந்தது. "என்னைய நம்பலயா?"

"எங்க இருக்க?"

"ஆபீஸ்ல. அறிவிப்பு எல்லார் முன்னாலயும்தான் வந்துச்சு, என்னையவே பாக்காங்க."

"பாக்கட்டும். அங்கயே இரு, எங்கயும் போயிராத. உன் பெரியப்பா எங்கப்பாவ வண்டிய எடுக்கச் சொன்னப்ப, நான் ஏன் சும்மா இருந்தேன்னு உனக்குச் சொல்லணும். நீ ஏன் சும்மா இருந்தன்னு எனக்குக் கேக்கணும்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அவள் நிமிடம் எண்ணவில்லை.

"வியாழக்கிழமை கல்யாணம் கெடையாது வாணா," என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினாள். "வாரேன், இரு."