வலிக்கு எந்த 'லி'?

டெலிபோன் அலறியது.

இன்ஸ்பெக்டர் எடுத்தார்.

"சார்... வலித்தைலம் கம்பெனி மேனேஜர் பேசறேன். எங்க முதலாளி பேச்சுமூச்சு இல்லாம கிடக்கறார். உடனே வாங்க."

காலை பத்தேகால்.

மாடியறையில் முதலாளி மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தார். பாதி குடித்த காபியில் மருந்து நெடி. முழங்கைக்கு அடியில் ஒரு கடிதம்.

'தம்பி என் லேபிளைத் திருடிப் பிழைக்கிறான். இந்த வலியோடு இனி இருக்க முடியாது.'

"தற்கொலைதான் சார்..." மேனேஜர் மூக்கை உறிஞ்சினார். "கூடப்பிறந்தவனே முதுகுல குத்தினா யாருதான் தாங்குவா?"

ஊரறிந்த வழக்கு அது. அண்ணன் கம்பெனி டப்பாவில் 'மூட்டு வழி போயே போச்சு' என்றிருக்கும். ஆமாம்... வலிக்கு 'ழி' போட்ட மகானுபாவர் அண்ணன்தான். தம்பி தனியாகத் தொடங்கிய கம்பெனியின் டப்பாவிலும் அதே வாசகம், அதே பிழை. நியாயமில்லாத வியாபாரப் போட்டி என்று அண்ணன் கோர்ட்டுக்குப் போனார். பிழையைக்கூட விடாமல் காப்பியடித்தவன் என்ன சொல்லித் தப்ப முடியும்? திங்கட்கிழமை தீர்ப்பு.

"அந்தப் பிழையை ஏன் விட்டு வச்சீங்க?"

"இருபது வருஷமா சொல்றேன் சார். ஜனங்க சிரிச்சுக்கிட்டே வாங்கறாங்க, இருக்கட்டும்யான்னுடுவார்."

படியில் தடதடவென்று ஓசை.

தம்பி.

ஓடிவந்தவர் அண்ணனின் காலைக் கட்டிக்கொண்டு குலுங்கினார். வக்கீல் வைத்துப் பேசிக்கொண்டவர்கள்தான். ஆனால் பாசம் என்ன, ஸ்டாம்பு ஒட்டியா வருகிறது?

இன்ஸ்பெக்டர் கடிதத்தை நீட்டினார்.

தம்பி படித்தார். மறுபடி படித்தார்.

"இது அண்ணன் எழுதினது இல்ல சார்."

"கையெழுத்து அவரோடதுதானே?"

"அவரோடது மாதிரியே இருக்கு. ஆனா அண்ணனுக்கு இந்த 'லி' வராது சார். சாகற வரைக்கும் வராது."

இன்ஸ்பெக்டர் மேஜையிலிருந்த டைரியைப் புரட்டினார். முதுகு வழி... தலைவழி... பல்வழி. ஒரு பக்கம்கூடத் தப்பவில்லை.

"அண்ணனைக் கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"நேத்து மத்தியானம். வீட்டுக்கே வந்தார். 'ரெண்டு வருஷமா பேசாம இருந்தியேடா. கேஸ் போட்டா வாய்தாவுக்காவது உன் முகத்தைப் பாக்கலாம்னுதான் போட்டேன்'னார். திங்கட்கிழமை வாபஸ் வாங்கிடலாம், ரெண்டு கம்பெனியும் ஒண்ணாயிடலாம்னார். கடைசியா ஒண்ணே ஒண்ணு கேட்டார்... 'லேபிள் அடிக்கிற அச்சை உனக்கு யாருடா குடுத்தது?'"

"யாரு குடுத்தது?"

தம்பி திரும்பி மேனேஜரைப் பார்த்தார்.

"காசு வாங்கிக்கிட்டு இவர்தான் குடுத்தார். நேத்து அதைச் சொன்னேன் சார். சொல்லாம இருந்திருந்தா அண்ணன் உயிரோட இருந்திருப்பார்."

மேனேஜர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"காலையில என்னைக் கூப்பிட்டுக் கேட்டார் சார். போலீசுக்குப் போறேன்னார். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. காபியில..."

"கையெழுத்தை அச்சு அசலா காப்பியடிச்சீங்க. பிழையை விட்டுட்டீங்களே மேனேஜர்."

"இருபது வருஷமா அவர் எழுதறதைத் திருத்தின கை சார். தானா திருத்திடுச்சு."

விலங்கு பூட்டி அவரைக் கீழே கொண்டுபோனார்கள்.

மேஜை போன் மணியடித்தது. தம்பி எடுத்தார். வெறும் "ம்" கொட்டிவிட்டு வைத்தார்.

"அண்ணனோட வக்கீல் சார். அண்ணனுக்கு வாரிசு நான் ஒருத்தன்தானாம். திங்கட்கிழமை அவர் இடத்துல நான்தான் நிக்கணுமாம்."

"எதிர்ப் பக்கம்?"

"அங்கயும் நான்தான்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பி சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

"சமாதானமாப் போயிடலாம் சார்... பேசறதுக்குத்தான் ஆளில்ல."