இசக்கியம்மாளின் வயது

காலையில் டீ குடித்து முடித்ததும் நான் செய்யும் முதல் வேலை, நாவல்களில் இருக்கும் பெண்களை எழுப்புவது. நாவலை ஊட்டினால் எங்கள் அலுவலகத்து உயிர்ப்பொறி அந்தப் பாத்திரத்தைத் திரையில் பேச வைத்துவிடும். நாவலை வீடியோ கேம் ஆக்க வேண்டுமானால், அவளே அதற்குள் ஒருமுறை நடந்து பார்த்துச் சம்மதிக்க வேண்டும். மறுத்தால் விளையாட்டு முழுவதையும் அழித்துவிடுவோம். ஆண் பாத்திரங்களுக்கும் இதே சட்டம்தான். ஆனால் அவர்கள் தங்கள் புதிய புஜங்களைப் பார்த்ததுமே தலையாட்டிவிடுவார்கள். எனக்கு வேலை மிச்சம்.

அன்று எழுப்பியது இசக்கியம்மாளை. தூத்துக்குடி உப்பளத்தில் குடிதண்ணீர் கேட்டுப் போராடி, கடைசி அத்தியாயத்தில் சுடப்பட்டுச் சாகிறவள். நாவலில் அவளுக்கு நாற்பத்தைந்து வயது. எழுதிய குழல்மொழி அம்மாவும், விளையாட்டை வடிவமைத்த ஜெரால்டும் என் இருபுறமும் முகம் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். காரணம் திரையிலேயே இருந்தது. இருபத்திரண்டு வயது இசக்கியம்மாள், கொடியிடையும் வெயில் படாத தோலுமாக நடந்துகொண்டிருந்தாள்.

"உப்பளத்துல எவ சார் இப்படி இருப்பா? வேண்டாம்னுதான் சொல்லுவா பாருங்க" என்றார் குழல்மொழி அம்மா. ஜெரால்டு நகத்தைக் கடித்தான்.

நடந்து முடித்துத் திரும்பியவள் அழுதுகொண்டிருந்தாள்.

"தம்பி, டீக்கடையில நிக்கது எம் மவ செல்வக்கனியா?"

"ஆமாங்க. எங்க கதையில நீங்க குண்டுக்குத் தப்பிச்சிடறீங்க. பல வருஷம் கழிச்சு ஒரு கடைக்காரி தேவைப்பட்டுச்சு. அதான் அவங்களை வளர்த்துட்டோம்" என்றான் ஜெரால்டு.

நாவலில் செல்வக்கனி பத்து வயதுச் சிறுமி. தாயின் பிணத்தருகே உட்கார்ந்திருப்பதோடு அவள் கதை முடிந்துவிடும்.

"வளையல் போட்டிருக்கா. சத்தமா சிரிக்கா. ஆனா என்னையப் பாத்து, 'என்னக்கா வேணும்'ங்கா."

ஜெரால்டு திருதிருவென்று விழித்தான். மகளை வளர்த்தவர்கள் தாயை இளைக்க வைத்து இளமையாக்கியதில், இருவருக்கும் ஒரே வயதாகிவிட்டது. அத்தனை பேர் கொண்ட குழுவில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. இசக்கியம்மாளின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"நான் மாட்டேன்னு சொன்னா அவளையும் அழிச்சிருவியளா?"

"ஆமாம்மா" என்றேன்.

"அப்ப சொல்ல மாட்டேன்." ஜெரால்டின் பக்கம் திரும்பினாள். "தம்பி, எம் மவளக் காட்டினதுக்கு உனக்குக் கோடிப் புண்ணியம். இந்த இடுப்பு யாருக்கு வேணும்? என் வயசக் குடு. அவ பன்னெண்டு வருசம் வளந்திருக்கால்லா, அம்பத்தேழாக் குடு. அவ என்னைய அம்மான்னு கூப்பிடட்டும்."

ஜெரால்டு அங்கேயே மடிக்கணினியைத் திறந்தான். அவன் வேலை முடியும்வரை யாரும் எழுந்து போகவில்லை. நரைத்த தலையும் உப்பு அரித்த பாதங்களுமாக இசக்கியம்மாள் மறுபடி உள்ளே நடந்தாள். டீ ஆற்றிக்கொண்டிருந்த செல்வக்கனி நிமிர்ந்தாள்.

"எம்மா, எங்க போய்ட்ட? இட்லி ஆறுதுல்லா."

குழல்மொழி அம்மா ஜெரால்டின் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் இவளைச் சாகடிச்சதோட எழுந்துட்டேன் தம்பி. அந்தக் குழந்தை என்ன ஆச்சுன்னு யோசிக்கவே இல்ல. ரொம்ப நன்றிப்பா." அவர் கண்கள் கலங்கியிருந்தன. என் கண்களும்தான்.

சட்டப்படி கேட்க வேண்டியதை நான் கேட்டேன். "இசக்கியம்மா, உங்களுக்குச் சம்மதமா?"

"செத்த இருங்க சார்," என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமலே. "எம் மவ பரிமாறிக்கிட்டிருக்கா."